14 நாட்களில் 3 குழந்தைகள்: மருத்துவமனையில் ஏதோ தவறு நடக்குதுன்னு ஒரு வரைபடம் சொல்லிடுமா?

இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் இருக்கும் கவுன்டஸ் ஆஃப் செஸ்டர் மருத்துவமனை. பச்சிளம் குழந்தைகளுக்கான சிகிச்சைப் பிரிவு. ஆண்டுக்கு இரண்டு, மூன்று குழந்தைகள் இறப்பது அங்கே வழக்கம். குறைமாதக் குழந்தைகளும் உடல்நிலை மோசமான குழந்தைகளும் வரும் இடம் என்பதால் அந்த எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருந்ததில்லை. ஆனால் 2015 ஜூன் மாதத்தில் இரண்டே வாரத்தில் மூன்று குழந்தைகள் இறந்தன.

அடுத்து நடந்தது உலகம் அறிந்த கதை. அந்தப் பிரிவில் வேலை பார்த்த செவிலியர் லூசி லெட்பி, ஏழு குழந்தைகளைக் கொன்றதாகவும் மேலும் சில குழந்தைகளைக் கொல்ல முயன்றதாகவும் 2023 ஆகஸ்டில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். வாழ்நாள் முழுக்கச் சிறை. மேல்முறையீட்டு அனுமதி 2024-ல் மறுக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில், கனடாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவ நிபுணர் ஷூ லீ தலைமையிலான 14 நிபுணர்கள், கொலை நடந்ததற்கு மருத்துவ ஆதாரமே இல்லை என்று அறிவித்தார்கள். வழக்கு, தீர்ப்புகளை மறுஆய்வு செய்யும் ஆணையத்தின் கதவைத் தட்டியது.

இந்த வழக்கில் ஜூரிகளிடம் ஒரு அட்டவணை காட்டப்பட்டது. ஒரு பக்கம் 25 சந்தேகத்துக்குரிய சம்பவங்கள், இன்னொரு பக்கம் 38 செவிலியர்களின் பெயர்கள். சம்பவம் நடந்தபோது யார் பணியில் இருந்தாரோ அவர் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. எல்லா 25 கட்டத்திலும் குறி இருந்தது லெட்பி ஒருவருக்கு மட்டும்தான்.

பார்த்தவுடன் 'அப்போ இவர்தான்' என்று தோன்றும். புள்ளியியல் தெரிந்தவர்களுக்கு வேறு கேள்வி தோன்றியது. அந்த 25 சம்பவங்களைத் தேர்ந்தெடுத்தது யார்? அவர் பணியில் இல்லாத நாட்களில் நடந்த மரணங்கள் ஏன் அட்டவணையில் இல்லை? முதலில் சுவரில் சுட்டுவிட்டு, அப்புறம் குண்டு பட்ட இடத்தைச் சுற்றி வட்டம் போட்டால் யாரும் குறி தவறாத வீரர்தானே?

லெட்பி குற்றவாளியா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. வழக்கு, சந்தேகம், பெயர் எதுவும் வருவதற்கு முன்னாலேயே, 'இங்கே எண்ணிக்கை இயல்பை மீறுது' என்று நேர்மையாகச் சொல்லும் கருவி இருக்கிறதா? இருக்கிறது. நூறு ஆண்டுகளாகவே இருக்கிறது. பெயர், கண்ட்ரோல் சார்ட்.

அது என்ன கண்ட்ரோல் சார்ட்?

1924 மே 16. அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் தயாரித்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் வால்ட்டர் ஷூஹார்ட், தன் மேலதிகாரிக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பினார். ஒரு பக்கம்கூட முழுதாக நிரம்பாத அந்தக் குறிப்பில் ஒரு வரைபடம். நடுவில் சராசரிக் கோடு, மேலே ஒரு எல்லைக் கோடு, கீழே ஒரு எல்லைக் கோடு. தினமும் அளக்கும் அளவை ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். புள்ளி இரண்டு எல்லைக்குள் இருக்கும்வரை இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது. வெளியே போனால் நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும்.

இதில் முக்கியமான பாதி, கை வைக்கக் கூடாது என்பதுதான். எந்த வேலையிலும் நேற்றைக்கும் இன்றைக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் யாரையாவது கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தால் வேலை கெட்டுப்போகுமே தவிர சரியாகாது.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸின் அழைப்பின் பேரில், சுதந்திரம் கிடைத்த சில மாதங்களிலேயே, 1947-48-ல் ஷூஹார்ட் இந்தியா வந்து தொழிற்சாலைகளில் இந்த முறையைப் பற்றிப் பேசினார்.

இன்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, எண்களை வெறும் பச்சை-சிவப்பு நிறங்களாகக் காட்டாமல் இந்த வகை வரைபடமாகக் காட்டச் சொல்லி மருத்துவமனை நிர்வாகங்களுக்குப் பயிற்சியே கொடுக்கிறது. ஆனால் இதை மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல் வருகிறது.

எல்லைக் கோட்டை எங்கே போடுவது?

வழக்கமான பதில்: சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் மேலே, மூன்று திட்ட விலக்கம் கீழே. திட்ட விலக்கம் என்றால் எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. எண்கள் எல்லாம் மணி வடிவ வளைவில் அடங்கினால், எந்தத் தவறும் நடக்காமலே ஒரு புள்ளி எல்லை தாண்டுவதற்கு வாய்ப்பு 0.27 சதவீதம். அதாவது சுமார் 370 புள்ளிகளுக்கு ஒரு பொய் எச்சரிக்கை. அந்த அளவு எந்த நிர்வாகமும் தாங்கிக்கொள்ளும்.

மணி வடிவத்தில் அடங்காத எண்கள் வந்தால்?

ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். சராசரிக் காத்திருப்பு 30 நிமிடம். பெரும்பாலானவர்கள் பத்து, இருபது நிமிடத்தில் டாக்டரைப் பார்த்துவிடுவார்கள். சிலர் ஒரு மணி நேரம். வெகு சிலர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலே. காத்திருப்பு நேரம் இப்படித்தான் எங்கேயும் இருக்கும்: இடது பக்கம் குவிந்து, வலது பக்கம் நீளமாக வால் விட்டு. இந்த வகையின் எளிய மாதிரியில் திட்ட விலக்கமும் 30 நிமிடமே. அப்போ மேல் எல்லை 30 கூட்டல் 90, 120 நிமிடம். கீழ் எல்லை 30 கழித்தல் 90, அதாவது மைனஸ் 60 நிமிடம். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டதாக அர்த்தம்! கீழ்க் கோட்டால் ஒரு பயனும் இல்லை.

மேல் கோடு இன்னும் மோசம். இந்த மாதிரியில் ஒருவர் 120 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும் வாய்ப்பு 1.8 சதவீதம். ஒரு நாளைக்கு 300 பேர் வந்தால் தினமும் ஐந்தாறு எச்சரிக்கை. மணி வளைவு உறுதியளித்ததோ இரண்டு மூன்று நாளைக்கு ஒன்று. பிரிவில் எந்தக் கோளாறும் இல்லை, வழக்கம்போல்தான் நடக்கிறது. ஆனாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

முதல் வாரம் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் 'இது இப்படித்தான் அடிக்கும்' என்பார்கள். மூன்றாவது வாரம் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவார்கள். உண்மையிலேயே ஏதாவது நடக்கும் நாளில் அது யார் காதிலும் விழாது.

இதில் ஷூஹார்ட்டைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர் மணி வளைவை நம்பி மட்டும் மூன்று என்ற எண்ணைப் போடவில்லை. எண்கள் எந்த வடிவில் இருந்தாலும் மூன்று திட்ட விலக்கத்துக்கு வெளியே அதிகபட்சம் ஒன்பதில் ஒரு பங்குதான் போக முடியும் என்ற செபிஷேவ் விதி அவருக்குத் தெரியும். நடைமுறையில் செலவுக்கும் பலனுக்கும் சரிப்பட்டு வருகிறது என்பதற்காகத்தான் மூன்றைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் '370-க்கு ஒன்று' என்ற துல்லியமான உறுதிமொழி வேண்டுமென்றால் மணி வளைவு தேவைப்படுகிறது. பின்னால் வந்தவர்கள் அந்த உறுதிமொழியை மட்டும் வைத்துக்கொண்டு நிபந்தனையை மறந்துவிட்டார்கள்.

வடிவமே தெரியாமல் எச்சரிக்க முடியுமா?

முடியும். இதற்குத்தான் பரவல் சாரா கண்ட்ரோல் சார்ட்டுகள். எண்கள் எந்த வடிவில் பரவியிருந்தாலும் பொய் எச்சரிக்கையின் அளவு மாறாது என்பது இவற்றின் பலம். பெயர்தான் பயமுறுத்தும், கணக்கு நாணயம் சுண்டுவதைப் போன்றது.

அதே புறநோயாளிகள் பிரிவு. இந்த முறை சராசரியை விட்டுவிட்டு இடைநிலையை எடுத்துக்கொள்வோம். பாதிப் பேர் அதைவிடக் குறைவாகவும், பாதிப் பேர் அதிகமாகவும் காத்திருக்கும் நேரம் அது. தினமும் ஏதாவது 10 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, எத்தனை பேர் இடைநிலையைவிட அதிகம் காத்திருந்தார்கள் என்று மட்டும் எண்ண வேண்டும். எத்தனை நிமிடம் என்பது வேண்டாம். அதிகம் என்றால் கூட்டல், குறைவு என்றால் கழித்தல்.

எல்லாம் வழக்கம்போல் இருந்தால் ஒவ்வொருவருக்கும் கூட்டல் விழும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பத்துப் பேருக்கும் கூட்டலே விழும் வாய்ப்பு 1,024-ல் ஒன்று. பத்தும் கழித்தலாக விழுவதும் அதே 1,024-ல் ஒன்று. இரண்டில் ஒன்று நடந்தால் எச்சரிக்கை என்று வைத்தால், 512 நாளைக்கு ஒரு பொய் எச்சரிக்கை. காத்திருப்பு நேரத்துக்கு வால் இருக்கிறதா, திமில் இருக்கிறதா என்ற கவலையே இல்லை. எந்த வடிவமாக இருந்தாலும் 512-தான்.

இந்த யோசனை ரொம்பப் பழசு. லண்டனில் 82 ஆண்டுகள் தொடர்ந்து ஞானஸ்நானப் பதிவுகளில் ஆண் குழந்தைகளே அதிகம் என்று கவனித்த ஜான் ஆர்பத்நாட் என்ற மருத்துவர், இது வெறும் தற்செயலாக இருக்கவே முடியாது என்று 1710-ல் வாதிட்டபோது போட்டது இதே கூட்டல்-கழித்தல் கணக்குதான். (காரணம் கடவுளின் ஏற்பாடு என்று அவர் முடித்தது வேறு விஷயம்.)

அடுத்த படி, தரவரிசை. அமெரிக்க வேதியியலாளர் ஃபிராங்க் வில்காக்சன் 1945-ல் சொன்ன வழி இது. பழைய, நல்ல காலத்துக் காத்திருப்பு நேரங்கள் ஒரு நூறும் இன்றைய ஐந்தும் இருக்கின்றன என்றால், எல்லாவற்றையும் கலந்து வரிசையாக அடுக்க வேண்டும். இன்றைய ஐந்தும் வரிசையில் அங்கங்கே சிதறி உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை. ஐந்தும் கடைசியில் போய்க் கும்பலாக உட்கார்ந்தால் ஏதோ மாறியிருக்கிறது. ஒருவர் மூன்று மணி நேரம் காத்திருந்தாலும் முப்பது மணி நேரம் காத்திருந்தாலும் அவர் இடம் கடைசி இடம்தான். ஒரே ஒரு விசித்திரமான எண் வரைபடத்தையே கவிழ்த்துவிட முடியாது.

இந்தத் துறையில் இந்தியப் பெயர்கள் நிறையத் தென்படும். சிறிய மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் பரவல் சாரா வரைபடம் பற்றி பி.கே. பட்டாச்சார்யா, டார்கன் ஃபிரியர்சன் இருவரும் 1981-ல் எழுதிய கட்டுரை ஆரம்பகால வேலைகளில் ஒன்று. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தின் சுபா சக்ரபர்த்தி, இந்த முறைகளைத் தொகுத்து 2001-ல் சக ஆய்வாளர்களுடன் ஒரு மதிப்பாய்வும், 2019-ல் மேரியன் கிரஹாமுடன் ஒரு புத்தகமும் எழுதினார்.

அப்போ இதையே எல்லா இடத்திலும் வைத்துவிடலாமே?

அவசரப்பட வேண்டாம். இதற்கு ஒரு விலை இருக்கிறது.

எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குறியை மட்டும் வைத்துக்கொண்டால் தகவலும் சேர்ந்து போய்விடும். எண்கள் உண்மையிலேயே மணி வடிவில் இருக்கும்போது கூட்டல்-கழித்தல் சோதனையின் திறன், வழக்கமான சோதனையில் சுமார் 64 சதவீதம்தான். தரவரிசை முறைக்கு 95 சதவீதத்துக்கும் மேல், அதாவது நஷ்டம் மிகக் குறைவு. வால் நீளமாக இருக்கும் எண்களில் நிலைமை தலைகீழாகும், அங்கே பரவல் சாரா முறைகளே முந்தும். ஆகவே ஒன்றைத்தான் பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டும் என்றால் தரவரிசைக்கே ஓட்டு.

மாதிரி சின்னதாக இருந்தாலும் தொல்லை. தினமும் 10 பேருக்குப் பதில் 5 பேரை எடுத்தால், ஐந்தும் ஒரே குறியாக விழும் வாய்ப்பு 32-ல் இரண்டு. பதினாறு நாளைக்கு ஒரு பொய் எச்சரிக்கை. அதைவிடக் குறைக்க வழியே இல்லை.

செஸ்டருக்குத் திரும்பினால் இந்த விலை எவ்வளவு என்பது புரியும். ஆண்டுக்கு சராசரியாக இரண்டரை மரணம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மரணத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே சராசரியாக 146 நாள் இடைவெளி. அபூர்வமான சம்பவங்களுக்கு எண்ணிக்கையை விட்டுவிட்டு இப்படி இடைவெளியை வரைபடமாகப் போடுவதும் வழக்கத்தில் உள்ள முறைதான். இந்த இடைவெளிகளின் இடைநிலை சுமார் 101 நாள். 2015 ஜூனில் மூன்று மரணங்களுக்கு நடுவே இருந்தவை, ஒரு வாரத்தை ஒட்டிய இரண்டு குட்டி இடைவெளிகள். கூட்டல்-கழித்தல் வரைபடத்துக்கு அது வெறும் இரண்டு கழித்தல் குறி. ஒரு வாரமும் 90 நாளும் அதற்கு ஒன்றே. 512-க்கு ஒன்று என்ற அளவு உறுதி வேண்டுமென்றால் ஒன்பது குட்டி இடைவெளிகள் வரிசையாக வந்தாக வேண்டும். அதாவது பத்து மரணங்கள் வரை காத்திருக்க வேண்டும். குழந்தைகள் வார்டில் யாரால் காத்திருக்க முடியும்?

அபூர்வ மரணங்கள் எப்படிப் பரவும் என்பதற்கு ஓரளவு நம்பகமான கணித மாதிரி ஏற்கெனவே உண்டு. அங்கே அதைப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். காத்திருப்பு நேரம், படுக்கையில் இருந்த நாட்கள், ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நேரம் போன்ற வால் நீண்ட எண்கள் தினமும் நூற்றுக்கணக்கில் குவியும் இடத்தில்தான் தரவரிசை முறை தன் மதிப்பைக் காட்டும்.

எது 'இயல்பு'?

எல்லா வரைபடங்களுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. ஒப்பிடுவதற்கு ஒரு நல்ல காலம் வேண்டும். அந்த நல்ல காலமே கெட்டுப்போயிருந்தால் எந்த முறையும் உதவாது.

இதற்கு ஹெரால்ட் ஷிப்மனைவிடக் கசப்பான உதாரணம் கிடையாது. மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவர். நோயாளிகளுக்குப் பிடித்த டாக்டர். 15 கொலைகளுக்காக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை, 2002-ல் வெளியிட்ட முதல் அறிக்கையில் 215 பேரை அவர் கொன்றதாக உறுதி செய்தது. பெரும்பாலும் வயதான பெண்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக யாருக்கும் தெரியவில்லை.

யாருக்கும் தெரியவில்லை என்பதுகூடச் சரியில்லை. ஊர் டாக்சி ஓட்டுநர் ஒருவர் தன் வயதான வாடிக்கையாளர்கள் அடுத்தடுத்து இறப்பதைக் கவனித்திருந்தார். 1998 மார்ச்சில் பக்கத்து கிளினிக் மருத்துவர், மரண எண்ணிக்கை அதிகமாக இருப்பதாகப் புகாரே செய்தார். போலீஸ் விசாரித்து, ஆதாரம் இல்லை என்று ஏப்ரலில் கோப்பை மூடியது. அதற்குப் பிறகும் மூன்று பேர் இறந்தார்கள். கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது 81 வயதுப் பெண்மணி ஒருவரின் பெயரில் அவர் தயாரித்த போலி உயில். இறந்தவரின் மகள் வழக்கறிஞர், அவருக்குச் சந்தேகம் வந்தது.

பின்னாளில் டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டர் உள்ளிட்ட புள்ளியியலாளர்கள் பழைய பதிவுகளை எடுத்து, கண்ட்ரோல் சார்ட் குடும்பத்தைச் சேர்ந்த தொடர் கண்காணிப்பு முறையில் ஓட்டிப் பார்த்தார்கள். 1980-களின் நடுப்பகுதியிலேயே எச்சரிக்கை வந்திருக்கும், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பியிருக்கும் என்று தெரிந்தது. ஒரு நுணுக்கம் இங்கே முக்கியம். அவர்கள் ஷிப்மனை மற்ற மருத்துவர்களோடு ஒப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பழைய எண்களோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், கொலைகளே அவருடைய 'இயல்பு' ஆகியிருக்கும். வரைபடம் அமைதியாக இருந்திருக்கும்.

சரி, மற்ற மருத்துவர்களோடு ஒப்பிட்டால் போதுமா? இதே முறையைக் குடும்ப மருத்துவர்களிடம் சோதித்துப் பார்த்தபோது ஷிப்மனையே மிஞ்சும் மரண எண்ணிக்கையோடு ஒருவர் மாட்டினார். விசாரித்தார்கள். அவர் இருந்தது இங்கிலாந்தின் தென்கடற்கரையில், ஓய்வுபெற்றவர்கள் கூட்டமாகக் குடியேறும் ஊர். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு அலையாமல் வீட்டிலேயே நிம்மதியாகக் கண்மூட விரும்பிய நோயாளிகளுக்கு அவர் பொறுப்போடு உதவி வந்திருக்கிறார். வரைபடம் கொலைகாரரையும் நல்ல டாக்டரையும் ஒரே மாதிரிதான் காட்டியது.

எச்சரிக்கை வந்தது, அடுத்து என்ன?

'இங்கே ஏதோ வித்தியாசமா இருக்கு, போய்ப் பாருங்க' என்பதோடு கண்ட்ரோல் சார்ட்டின் வேலை முடிந்துவிடுகிறது. யார் காரணம் என்று அது சொல்லாது. ஊழியர் பற்றாக்குறையாக இருக்கலாம், கிருமித்தொற்றாக இருக்கலாம், முன்பைவிட மோசமான நிலையில் நோயாளிகள் வரத் தொடங்கியிருக்கலாம். குற்றமாகவும் இருக்கலாம்.

இந்த எல்லையைத் தாண்டியதால் நெதர்லாந்தில் ஒரு வாழ்க்கை சிதைந்தது. தி ஹேக் நகரச் செவிலியர் லூசியா டி பெர்க், பணியில் இருந்தபோதெல்லாம் மரணங்கள் நடந்ததாகச் சொல்லி 2003-ல் ஆயுள் தண்டனை பெற்றார். இது தற்செயலாக நடக்க 34 கோடியே 20 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று நீதிமன்றத்தில் கணக்கு சொல்லப்பட்டது. அந்தக் கணக்கு தவறு என்று புள்ளியியலாளர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். மரணங்கள் இயற்கையானவையாக இருந்திருக்கலாம் என்று மருத்துவ ஆதாரங்களும் மறுபரிசீலனை செய்யப்பட்டன. 2010 ஏப்ரலில் அவர் நிரபராதி என விடுவிக்கப்பட்டார். அதற்குள் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கழித்திருந்தார், பக்கவாதமும் வந்திருந்தது.

பிரிட்டனின் ராயல் புள்ளியியல் சங்கம் 2022 செப்டம்பரில், லெட்பி வழக்கின் விசாரணை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, மருத்துவமனை மரணங்களில் ஊழியர்கள் மீது சந்தேகம் எழும்போது புள்ளிவிவரங்களை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒரு அறிக்கை வெளியிட்டது. எந்தச் சம்பவம் சந்தேகத்துக்குரியது என்று முடிவு செய்பவருக்கு, அப்போது பணியில் யார் இருந்தார்கள் என்பது தெரியாமல் இருக்க வேண்டும். வல்லுநர்களாகப் புள்ளியியலாளர்களை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த அறிக்கை வலியுறுத்தியவற்றில் இவை இரண்டும் உண்டு. ஜூரிகள் முன் வைக்கப்பட்ட 25-க்கு 38 அட்டவணை மீது இன்றுவரை எழும் கேள்விகளும் இந்த இரண்டைச் சுற்றியே இருக்கின்றன.